மலையில் இருந்துகொண்டு எஃப்சி 26 ஆட நினைக்கிறீர்களா? பணம் கட்டுவது கடைசி வேலை

கோத்தகிரியில் இருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் ரோட்டில், அரவேணு தாண்டி எங்கள் வீடு. 2025 அக்டோபர் 4, சனிக்கிழமை ராத்திரி, ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி 26 என்ற கால்பந்து வீடியோ கேமுக்குப் பணம் கட்டினேன். முதல் கோல் போட்டது நவம்பர் 9. நடுவில் முப்பத்தாறு நாள் என்ன செய்தேன் என்று கேட்டால், டவுன்லோட் சதவீதத்தைப் பார்த்தேன், பஸ்ஸில் இரண்டு தடவை கீழே போய்வந்தேன், ஒரு ராத்திரி கம்ப்யூட்டரையே கறுப்புத் திரையாக்கி உட்கார்ந்திருந்தேன்.

திரும்பிப் பார்த்தால் ஒவ்வொரு தப்பும் ஒரே ரகம். பின்னால் செய்ய வேண்டியதை முன்னால் செய்துவிட்டேன். கோயம்புத்தூரில் இருப்பவர் இந்த வரிசையை மாற்றிச் செய்தாலும் ஒரு மணி நேரம்தான் வீணாகும், நமக்கு ஒரு மாதம் போகும். அதனால் கீழே சொல்லியிருக்கும் வரிசையிலேயே போங்கள். இது கம்ப்யூட்டரில், ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடை வழியாக ஆடுபவர்களுக்கு. பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்கள் 1ஆம் படியை விட்டுவிட்டு 2இல் சேர்ந்துகொள்ளலாம், ஸ்டீம் பற்றிச் சொல்வதை மட்டும் விட்டுவிடுங்கள்.

1. முதலில் கம்ப்யூட்டரைச் சோதியுங்கள் (ஒரு சாயங்காலம், செலவு இல்லை)

கேம் கேட்கும் குறைந்தபட்சம் இது: 64 பிட் விண்டோஸ் 10, ரைசன் 5 1600 அல்லது ஐ5 6600கே, 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ அல்லது ஆர்எக்ஸ் 570, வட்டில் 100 ஜிபி இடம். இதையெல்லாம் எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள், நானும் பார்த்தேன். என்னுடையது கோயம்புத்தூரில் பழையதாக வாங்கிய ரைசன் 5 2600, ஜிடிஎக்ஸ் 1650. தாராளம் என்று நினைத்தேன்.

பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் வரியைப் பார்க்கவில்லை. செக்யூர் பூட் (கம்ப்யூட்டர் எழும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் ஏற்றும் காவல்) ஆன் ஆகி இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இருக்க வேண்டும். ஆன்லைனில் ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க கேமோடு ஒரு காவல் மென்பொருள் வருகிறது, அது இந்த இரண்டும் இல்லாவிட்டால் கேமைத் திறக்கவே விடாது. லினக்ஸ் போட்டவர்கள், ஸ்டீம் டெக் வைத்திருப்பவர்கள் இங்கேயே நின்றுவிடலாம், இந்தக் கேம் அதில் ஓடாது.

சோதிப்பது சுலபம். விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் அடித்து என்டர் தட்டினால் நீளமான பட்டியல் ஒன்று திறக்கும். அதில் இரண்டு வரி போதும். பயாஸ் மோடு என்ற வரியில் யூஇஎஃப்ஐ என்று இருக்க வேண்டும். செக்யூர் பூட் ஸ்டேட் என்ற வரியில் ஆன் என்று இருக்க வேண்டும். அப்புறம் அதே சின்னப் பெட்டியில் டிபிஎம், ஒரு புள்ளி, எம்எஸ்சி என்று அடித்தால் டிபிஎம் எந்தப் பதிப்பு என்று காட்டும். மூன்றும் சரி என்றால் நேராக 2ஆம் படிக்குப் போங்கள்.

பயாஸ் மோடில் லெகசி என்று வந்தால் மெதுவாகப் படியுங்கள், நான் மாட்டியது இங்கேதான். பழைய கம்ப்யூட்டர் விற்கும் பலர் விண்டோஸை லெகசி முறையில் போட்டுத் தருகிறார்கள். வட்டு எம்பிஆர் என்ற பழைய அமைப்பில் இருக்கும். அந்த நிலையில் பயாஸுக்குள் (விண்டோஸ் எழுவதற்கு முன்னால் திறக்கும் அமைப்புப் பக்கம்) போய், பழைய முறையில் எழுப்பும் சிஎஸ்எம் என்பதை அணைத்து செக்யூர் பூட்டைப் போட்டால், அடுத்த தடவை விண்டோஸ் எழுந்திருக்காது. வெளியே மழை அடித்துக்கொண்டிருக்கிறது, ராத்திரி பதினொன்றரை, கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கண் சிமிட்டுகிறது. தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, போச்சா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டான்.

போகவில்லை. பயாஸுக்குள் திரும்பப் போய் சிஎஸ்எம்மைப் பழையபடி போட்டால் விண்டோஸ் வந்துவிடும். சரியான வழி, முதலில் வட்டை ஜிபிடி அமைப்புக்கு மாற்றுவது. அதற்கு விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்று ஒரு கருவி இருக்கிறது, கோப்புகளை அழிக்காமல் மாற்றித் தரும். ஆனாலும் போட்டோக்களையும் வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேனையும் வேறு இடத்தில் படியெடுத்து வைத்துவிட்டுத்தான் தொடவேண்டும். கட்டளை அடிப்பது பழக்கமில்லை என்றால் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் கொடுங்கள். நான் முந்நூறு ரூபாய் கொடுத்தேன், அரைமணி நேர வேலை.

இன்னும் இரண்டு பொறி இருக்கிறது. விண்டோஸில் வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால், பயாஸில் கை வைத்ததும் மீட்புச் சாவி கேட்கும். அது நாற்பத்தெட்டு இலக்கம். முன்னாலேயே எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள், அதே கம்ப்யூட்டருக்குள் சேமித்து வைத்துப் பயனில்லை. இரண்டாவது, சில மதர்போர்டுகளில் செக்யூர் பூட்டை ஆன் செய்த பிறகும் விண்டோஸ் ஆஃப் என்றே காட்டும். பயாஸின் செக்யூர் பூட் பக்கத்தில் ஓஎஸ் வகை என்று ஒன்று இருக்கும், அதை விண்டோஸ் யூஇஎஃப்ஐ என்று மாற்றி, தொழிற்சாலைச் சாவிகளைத் திரும்பப் போடும் பொத்தானையும் அழுத்த வேண்டும்.

இத்தனைக்கும் உங்கள் கம்ப்யூட்டர் ஒத்துவரவில்லை என்றால் கோனாமியின் இஃபுட்பால் இருக்கிறது. இலவசம், போனிலும் ஓடும், கம்ப்யூட்டரிலும் ஓடும். அதை இரண்டாம் தரமாகப் பார்க்க வேண்டாம். பந்து உருளும் விதம் எனக்கு அதில்தான் பிடிக்கும். கேரியர் மாதிரி தனியாக உட்கார்ந்து ஆடும் மோடுகள் எஃப்சியில் அதிகம் என்பதால்தான் இந்தப் பக்கம் வந்தேன்.

2. நெட் லைனைக் கணக்குப் போடுங்கள்

லைன்காரர் 40 எம்பி என்று சொல்வது மெகாபிட். டவுன்லோடில் நமக்கு வேண்டியது மெகாபைட். எட்டால் வகுக்க வேண்டும். 40 என்றால் நொடிக்கு 5 எம்பி, மணிக்கு 18 ஜிபி. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எங்கள் பக்கம் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் 4க்கு இறங்கிவிடும், அதாவது மணிக்கு 1.8 ஜிபி. டவுன்லோட் 50 ஜிபி என்று வைத்துக்கொண்டால் இருபத்தெட்டு மணி நேரம், அதுவும் லைன் ஒரு தடவைகூட அறாமல் இருந்தால். ஒரு வேகச் சோதனையை நம்பாதீர்கள். காலை ஆறு, மதியம் இரண்டு, ராத்திரி ஒன்பது என்று மூன்று நாள் குறித்து வையுங்கள். போனில் தினம் 2 ஜிபி பேக் வைத்து ஹாட்ஸ்பாட் போட்டு இறக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு, 50 ஜிபிக்கு இருபத்தைந்து நாள்.

காலமும் இடிக்கிறது. இந்தக் கேம் வருஷா வருஷம் செப்டம்பர் கடைசியில் வருகிறது. எஃப்சி 24 செப்டம்பர் 29, எஃப்சி 25 செப்டம்பர் 27, எஃப்சி 26 செப்டம்பர் 26. அடுத்த மூன்று, நான்கு வாரத்தில் நமக்கு வடகிழக்குப் பருவமழை. கோத்தகிரிப் பக்கம் பெரிய மழை அந்த மழைதான். மரம் விழும், மரத்தோடு ஃபைபரும் விழும். விழாத நாளில் குரங்கு ஊஞ்சலாடும். எங்கள் லைன் அக்டோபரில் மட்டும் மூன்று தடவை அறுந்தது, ஒரு தடவை ஐந்து நாள் வரவேயில்லை. ரோட்டோரக் கம்பத்தில் ஏறி அந்த மழையில் ஒட்டிக்கொடுத்த பையனை நான் குறை சொல்லமாட்டேன்.

புது இணைப்பு எடுப்பதாக இருந்தால் ஆதார் நகல், ஒரு போட்டோ, முகவரிக்கு ஈபி பில். வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தின் நகலையும் வீட்டுக்காரரின் ஒரு வரிக் கடிதத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். எஸ்டேட் லைன் வீட்டில் இருப்பவர்கள் கம்பி இழுப்பதற்கு முன்னால் எஸ்டேட் ஆபீஸில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. என் நண்பன் வாய்மொழியாகக் கேட்டுக் கம்பி இழுத்தான், துரை (எஸ்டேட் மேனேஜர்) மாறியதும் கழற்றச் சொல்லிவிட்டார்கள்.

வைஃபையை நம்பி ஆன்லைனில் ஆடாதீர்கள். ரூட்டரில் இருந்து கம்ப்யூட்டருக்கு நேராக ஒரு லேன் கேபிள். பழைய கல் சுவர் வீடு என்றால் இரண்டு அறை தாண்டுவதற்குள் வைஃபை மூச்சு விட்டுவிடும். இருபது மீட்டர் கேபிள் எனக்கு 350 ரூபாய் ஆனது. எல்லாச் செலவிலும் நான் வருத்தப்படாத செலவு அதுதான்.

3. கரண்ட்

மாதப் பராமரிப்பு மின்தடை எந்தத் தேதி என்று பேப்பரில் போடுவார்கள், அன்றைக்கு டவுன்லோடும் கிடையாது, ஆட்டமும் கிடையாது. அது பரவாயில்லை, முன்னாலேயே தெரியும். தொந்தரவு, சொல்லாமல் ஐந்து நிமிஷம் போய் வருவதுதான். 600 விஏ யூபிஎஸ் ஒன்று 3,000 ரூபாய்க்குள் கிடைக்கும், கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைக்கிற அளவுக்குத்தான் தாங்கும். ரூட்டருக்கு மட்டும் குட்டி யூபிஎஸ் தனியாக விற்கிறார்கள், ஆயிரத்துச் சொச்சம். அதையும் வாங்குங்கள். ஆன்லைன் ஆட்டத்தின் நடுவில் தொடர்பு போனால் பெரும்பாலும் தோல்வி என்றுதான் எழுதப்படும், 3-0 என்று ஜெயித்துக்கொண்டிருந்தாலும் சரி.

4. கணக்குகளைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்

ஸ்டீம் கணக்கு ஒன்று, ஈஏ கணக்கு ஒன்று, ஆக இரண்டு வேண்டும். ஸ்டீமில் வாங்கினாலும் கேமைத் திறக்கும்போது ஈஏ செயலி ஒன்று கூடவே வந்து உட்கார்ந்து, உங்கள் ஈஏ கணக்கைக் கேட்கும். கேட்ட அவசரத்தில் கையில் கிடைத்ததைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு ஸ்டீம் கணக்கோடு ஒரு ஈஏ கணக்கை இணைத்துவிட்டால் பிரிப்பது பெரிய பாடு. என் தம்பி எட்டாம் வகுப்பில் திறந்த கணக்கோடு நான் இணைத்துவிட்டேன். அவன் அப்போது உண்மையான பிறந்த தேதியைப் போட்டிருந்தான், பாவம். அதனால் அது குழந்தைக் கணக்காக இருந்தது, ஆன்லைன் மோடுகள் பூட்டியே இருந்தன. உதவிப் பிரிவில் எழுதி, பதில் வந்து, சரியாக ஒன்பது நாள்.

எனவே: ஆடப்போகிறவரின் சொந்த மின்னஞ்சல், அவருடைய சரியான பிறந்த தேதி, உங்கள் கையிலேயே இருக்கும் போன் நம்பர். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, அது தரும் மாற்றுக் குறியீடுகளை எழுதி வையுங்கள். கீழே போய் இன்னொருவர் கம்ப்யூட்டரில் நுழையும்போது இவை கட்டாயம் தேவைப்படும், 6ஆம் படியில் சொல்கிறேன். பிள்ளைகளுக்காகத் திறக்கும் பெற்றோர், "பெற்றோர் மின்னஞ்சல்" என்று கேட்கும் இடத்தில் தங்களுடையதைக் கொடுத்துவிடுங்கள், அதில் வெட்கம் இல்லை.

5. இப்போது பணம்

இப்போதுதான். ஏன் என்றால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்க இரண்டு நிபந்தனை: வாங்கி 14 நாளுக்குள் கேட்க வேண்டும், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருக்க வேண்டும். அந்த 14 நாள் நீங்கள் டவுன்லோட் முடித்த நாளில் இருந்து ஓடாது, பணம் கட்டிய நாளில் இருந்து ஓடும். அக்டோபர் 4இல் கட்டிய எனக்கு 18ஆம் தேதியோடு முடிந்தது. கேமை முதல் தடவை திறந்து செக்யூர் பூட் இல்லை என்ற செய்தியைப் பார்த்தது 22ஆம் தேதி. நிபந்தனை தெளிவாக எழுதியிருக்கிறது, படிக்காதது நான்.

புதிதாக வந்ததும் கம்ப்யூட்டர் பதிப்பு நான்காயிரம் ரூபாய்ப் பக்கம் இருக்கும். பொறுத்தால் குறையும். நவம்பர் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் ஸ்டீமில் தள்ளுபடி வருகிறது, இந்த வரிசைக் கேம்களுக்கு நல்ல தள்ளுபடியே வருகிறது. எட்டு, ஒன்பது மாதம் பொறுக்க முடிந்தால் ஈஏ பிளே என்ற சந்தாவிலேயே சேர்த்துவிடுகிறார்கள். எஃப்சி 25ஐ 2025 ஜூனில் சேர்த்தார்கள். அதே சந்தாவில் புதுக் கேமைப் பத்து மணி நேரம் ஆடிப் பார்க்கும் வசதியும் உண்டு. என்னைக் கேட்டால், மலைக்காரனுக்கு நவம்பர் கடைசித் தள்ளுபடிதான் சரியான நேரம். விலையும் குறைந்திருக்கும், முதல் மாதப் பிழைகளைத் திருத்தியும் இருப்பார்கள்.

யூபிஐயில் கட்டுங்கள், ஒரு நிமிஷ வேலை. டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைத்திருந்தால் திருப்பி அனுப்பிவிடும், எனக்கு மூன்று தடவை அனுப்பியது. பாதி விலைக்குக் கேமைத் திறக்கும் கீ தருகிறேன் என்று வருபவரிடம் வாங்காதீர்கள், அது எந்த நாட்டுக் கீ, எந்தச் செயலிக்கான கீ என்று வாங்கிய பிறகுதான் தெரியும். பணம் திரும்ப வராது. ரசீது மின்னஞ்சலை அழிக்காதீர்கள். கணக்கு என்னுடையதுதான் என்று பின்னால் காட்ட வேண்டி வந்தால் அதுதான் பத்திரம்.

6. கீழே இறக்கி மேலே கொண்டுவாருங்கள்

வீட்டு லைன் நன்றாக இருந்தால் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். ஸ்டீமில் டவுன்லோட் பாதியில் நின்றாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரும், பயப்பட வேண்டாம். லைன் சரியில்லாதவர்களுக்குத்தான் இந்தப் படி.

காரமடையில் என் மாமா பையன் வீட்டில் நல்ல ஃபைபர். அவன் கம்ப்யூட்டரில் ஸ்டீமைத் திறந்து என் கணக்கில் நுழைந்தேன், போனுக்கு வரும் குறியீட்டைக் கொடுத்தேன், இறக்கினேன். சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் முடிந்திருந்தது. அப்புறம் ஸ்டீம்ஆப்ஸ் என்ற ஃபோல்டருக்குள் காமன் என்று ஒன்று இருக்கும், அதற்குள் கேமின் ஃபோல்டர். அதை அப்படியே படியெடுத்துக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

முதல் தடவை 128 ஜிபி பென்டிரைவோடு போனேன். நாற்பது சதவீதத்தில், கோப்பு பெரிதாக இருக்கிறது என்று நின்றுவிட்டது. இடம் ஏராளமாக இருக்கிறதே என்று இரண்டு தடவை முயன்றேன். பென்டிரைவ் ஃபேட்32 அமைப்பில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அதில் வைக்க முடியாது, இது தெரியாமல் வெறும் கையோடு கடைசி பஸ் ஏறினேன். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் என்று ஃபார்மேட் செய்துவிட்டுப் போங்கள். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது அழியும், கல்யாண வீடியோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் தடவை தீபாவளிக்குப் போனபோது யூஎஸ்பி எஸ்எஸ்டி ஒன்றைக் கடன் வாங்கிப் போனேன். கம்ப்யூட்டரில் நீல நிற யூஎஸ்பி ஓட்டையில் செருகுங்கள், பெரும்பாலும் வேகமானது அதுதான். நொடிக்கு 30 எம்பி போகும் பழைய ஓட்டையில் 100 ஜிபிக்கு ஐம்பத்தைந்து நிமிஷம், 300 எம்பி போகும் எஸ்எஸ்டியில் ஆறு நிமிஷத்துக்குள். மறக்காமல் அங்கே உங்கள் கணக்கில் இருந்து வெளியேறிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்து, நம் ஸ்டீமின் காமன் ஃபோல்டருக்குள் அதே பெயரில் அதைப் போட்டுவிட்டு, ஸ்டீமில் இன்ஸ்டால் பொத்தானை அழுத்துங்கள். இருக்கும் கோப்புகளைத் தானே கண்டுபிடித்துச் சரிபார்க்கும், இடையில் வந்த அப்டேட்டை மட்டும் இறக்கும். இன்ஸ்டாலை முதலில் அழுத்திவிட்டுக் கோப்பைப் பிறகு போட்டால் குழம்பிப்போய் எல்லாவற்றையும் முதலில் இருந்து இறக்க ஆரம்பிக்கும். வரிசை முக்கியம்.

பஸ்ஸில் வருவதானால் ஒன்றும் வேண்டாம். கீழே இருக்கும் சொந்தக்காரர் அவர் காரில் கம்ப்யூட்டரோடு வருவதாக இருந்தால் இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்கள். 2024 மே மாதத்தில் இருந்து நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். இலவசம்தான், வண்டி எண், எத்தனை பேர், எங்கே தங்குகிறார்கள், எந்தத் தேதி என்று கேட்கும். டிஎன் 43 என்று எண் போட்ட நீலகிரி வண்டிக்குத் தேவையில்லை. குஞ்சப்பனை செக்போஸ்டில் நின்றுகொண்டு போனில் பதிவு செய்யலாம் என்று நினைத்தால், பின்னால் நிற்கும் வண்டிக்காரர்களின் வாழ்த்து கிடைக்கும்.

7. கண்ட்ரோலரும் முதல் இரண்டு வாரமும்

கீபோர்டில் ஆட முடியும், ஆனால் அலுத்துவிடும். 1,800 ரூபாய்க்கு நான் வாங்கிய கண்ட்ரோலர் நன்றாகவே உழைக்கிறது. ஒரே ஒரு விதி, வர்க்கி சாப்பிட்ட கையோடு தொடாதீர்கள். அந்தப் பொடி ஸ்டிக்கின் அடியில் இறங்கினால் ஆட்டக்காரன் தானாகவே இடது பக்கம் நடக்க ஆரம்பிக்கிறான்.

கேம் திறந்ததும் ஆன்லைன் பக்கம் போகாதீர்கள். கிக் ஆஃப் என்பதில் கம்ப்யூட்டரோடு ஆடுங்கள், கடினம் அமெச்சூர் போதும். எக்ஸ்பாக்ஸ் மாதிரி கண்ட்ரோலரில் ஏ பாஸ், பி ஷூட், எக்ஸ் தூக்கிப்போடுவது, ஒய் முன்னால் ஓடுபவனுக்கு இடைவெளியில் தள்ளுவது. இதெல்லாம் ஒரு நாளில் வந்துவிடும். வராதது தடுப்பாட்டம். புதிதாக வருகிற எல்லோரும் பந்து வைத்திருப்பவனை நோக்கி வேகப் பொத்தானை அழுத்திக்கொண்டு ஓடுகிறார்கள், அவன் ஒரு திருப்பு திருப்பினால் போதும், பின்னால் காலி மைதானம். இடது ட்ரிகரைப் பிடித்துக்கொண்டு, அவனுக்கும் கோலுக்கும் நடுவில் பக்கவாட்டில் நகர்ந்து நில்லுங்கள். பந்து காலில் இருந்து கொஞ்சம் விலகும்போது மட்டும் பி. இது ஒன்றைப் பழகவே எனக்கு இரண்டு வாரம் ஆனது.

எஃப்சி 26இல் ஆட்டத்தையே இரண்டு விதமாகப் பிரித்திருக்கிறார்கள். காம்பெடிடிவ் என்பது வேகமானது, அல்டிமேட் டீம், கிளப்ஸ் போன்ற ஆன்லைன் மோடுகள் அதில்தான் ஓடும். ஆதென்டிக் என்பது டிவியில் பார்க்கும் ஆட்டம் மாதிரி நிதானமானது, கேரியருக்கானது. கேரியரில் ஒரு மாதம் ஆடிவிட்டு ஆன்லைன் போனவர்கள், பந்து ஏன் இப்படிப் பறக்கிறது என்று திகைப்பது இதனால்தான். ஆன்லைன் போகப்போகிறவர்கள் கிக் ஆஃபிலும் காம்பெடிடிவையே வைத்துப் பழகுங்கள்.

8. எந்த மோடு, எந்த அணி

உள்ளே 20,000க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள், 750க்கும் மேற்பட்ட அணிகள். முதலில் ஐந்து நட்சத்திர அணி ஒன்றை எடுங்கள், ரியல் மாட்ரிட், லிவர்பூல் மாதிரி. ஃபிஃபா 22இல் இருந்தே இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) அணிகள் இந்த வரிசையில் வந்துவிட்டன, சென்னையின் எஃப்சியை எடுத்து ஆட ஆசை எனக்கும் உண்டு, கூடலூர் நண்பர்கள் கேரளா பிளாஸ்டர்ஸைத்தான் எடுப்பார்கள். ஆனால் அந்த அணிகளின் மதிப்பெண் குறைவு, பாஸ் தவறினால் அது உங்கள் விரலின் தப்பா ஆட்டக்காரனின் தப்பா என்றே தெரியாது. கொஞ்சம் பழகிய பிறகு எடுங்கள். ஏசி மிலானையும் இன்டரையும் தேடி நேரம் வீணாக்காதீர்கள். உரிமம் இல்லாததால் அவை மிலானோ எஃப்சி, லொம்பார்டியா எஃப்சி என்ற பெயரில், வேறு சட்டையோடு இருக்கின்றன.

லைன் மோசமான வீட்டுக்கு, ஒரு அணியின் மேனேஜராகத் தனியாக ஆடும் மேனேஜர் கேரியர்தான் தங்கம். ஒருமுறை நெட்டோடு திறந்து எல்லாம் சரியாகிவிட்டால், அப்புறம் லைன் அறுந்த நாளிலும் ஆடலாம். அந்த ஐந்து நாள் மழையில் இது மட்டும் ஓடியிருந்தால் எனக்குப் பொழுது போயிருக்கும். மேனேஜர் லைவ் என்று எஃப்சி 26இல் புதிதாகச் சவால்கள் வைத்திருக்கிறார்கள், அதற்கு மட்டும் நெட் வேண்டும்.

நண்பர்களோடு ஆட ரஷ். எஃப்சி 25இல் வந்தது. பக்கத்துக்கு நான்கு பேர், கோல்கீப்பரைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். ஆட்டம் ஏழு நிமிஷம். ஆஃப்சைடு கடைசி மூன்றில் ஒரு பகுதியில் மட்டும். முரட்டு ஆட்டத்துக்கு நீல அட்டை, ஒரு நிமிஷம் வெளியே. ஆரம்பத்தில் பந்தை நடுவில் வைத்துவிட்டு இரண்டு பக்கமும் ஓடிவரச் சொல்கிறார்கள், ஸ்கூல் கிரவுண்டில் பந்தை உதைத்துவிட்டு எல்லோரும் விழுந்தடித்து ஓடுவோமே, அதேதான். ஏழு நிமிஷம் என்பதால் கரண்ட் போவதற்குள் முடிந்துவிடும் என்பது என் தனிப்பட்ட கணக்கு.

பதினொரு பேராகச் சேர கிளப்ஸ். ஆளுக்கொரு ஆட்டக்காரன், 13 வகை ஆட்டக்காரர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வளர்க்க வேண்டும். சேருவதற்கு முன்னால் நண்பரிடம் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். கம்ப்யூட்டர், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் மூன்றும் ஒன்றோடொன்று ஆடலாம். பிளேஸ்டேஷன் 4 வைத்திருப்பவர் நம்மோடு சேர முடியாது. கட்டபெட்டுவில் இருக்கும் என் நண்பன் என்னோடு ஆடுவதற்காகவே பிளேஸ்டேஷன் 4க்கு வாங்கிவிட்டான், இன்னும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அல்டிமேட் டீமைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சீட்டு மாதிரி பேக் உடைத்து அணி சேர்க்கும் மோடு அது. உண்மைப் பணத்தில் எஃப்சி பாயிண்ட்ஸ் வாங்கி உடைக்கலாம், உள்ளே எது வரும் என்பது அதிர்ஷ்டம். ஒவ்வொரு பேக்கிலும் நல்ல கார்டு வர எத்தனை சதவீத வாய்ப்பு என்று அவர்களே போட்டிருக்கிறார்கள், வாங்குவதற்கு முன்னால் அந்த எண்ணைப் படியுங்கள், கை தானாக நின்றுவிடும். அடுத்த செப்டம்பரில் புதுக் கேம் வந்தால் இந்த அணி அங்கே வராது, பூஜ்யத்தில் இருந்து தொடங்க வேண்டும். காசு போடாமலும் ஆடலாம்: ஸ்குவாட் பேட்டில்ஸில் கம்ப்யூட்டரோடு ஆடிக் காயின் சேர்ப்பது, எவல்யூஷன்ஸில் கையில் இருக்கும் ஆட்டக்காரனையே வளர்ப்பது. ஸ்குவாட் பேட்டில்ஸில் எதிரே மனிதர் இல்லாததால் லைன் கொஞ்சம் தடுமாறினாலும் ஆட்டம் கெடாது, ஆனால் நெட் இல்லாமல் ஓடாது. வெளியாட்களிடம் காயின் வாங்காதீர்கள், கணக்கையே முடக்கிவிடுவார்கள். பிள்ளைகள் ஆடும் வீட்டில் கார்டையோ யூபிஐயையோ அந்தக் கணக்கில் சேமித்து வைக்காதீர்கள்.

9. என் செலவுக் கணக்கு

கேம் தவிர லேன் கேபிள் 350, கண்ட்ரோலர் 1,800, யூபிஎஸ் 2,900, ரூட்டர் யூபிஎஸ் 1,200, கம்ப்யூட்டர் கடையில் 300. மொத்தம் 6,550. இதில் ஆட்டத்துக்குக் கட்டாயம் என்றால் கண்ட்ரோலரும் கேபிளும்தான், மற்றதை மெதுவாக வாங்கலாம்.

எஸ்எஸ்டி கடன் வாங்கினதுதானே, அதற்கு இப்போது தனி வரிசை ஓடுகிறது. ஆளுக்கு ஆள் தனியாக கேமை வாங்கிவிட்டு, அந்த ஃபோல்டரை மட்டும் கைமாற்றிக்கொள்கிறோம், கீழே போக வேண்டியதே இல்லை. போன வாரம் டோனிங்டனில் இருந்தது, இப்போது கண்ணேரிமுக்கில். அதன் சொந்தக்காரர் மட்டும் எப்போது திருப்பித் தருவீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.